நோலீன் பெயரில் வந்த அறிவிப்பு

அந்த விஷமத்தைச் செய்தவன் எவன் என்று இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் எனக்கு இல்லை. விஷமம் பண்ணுகிறவன் எல்லா ஊரிலும் இருப்பான், அவன் புத்தி அவ்வளவுதான். எனக்கு இன்னமும் வயிறு எரிவது, வீட்டுக் கதவைத் தன் கையாலேயே கழற்றிப் போட்டுவிட்டு, வீட்டுக்குள் இருந்தவளைப் பார்த்துத் திருடி என்று சொன்ன மனிதனை நினைத்துத்தான். பெயர் கிளைவ் ட்ரெம்பாத். கேலன்பி வேளாண் கண்காட்சிச் சங்கத்தின் தலைவர். மரியாதைக்காக 'அவர்' என்று எழுதுகிறேன். மனதுக்குள் நான் சொல்கிற வார்த்தை வேறு.

எங்கள் ஊரில் வருஷத்துக்கு ஒரு தடவை இந்தக் கண்காட்சி, ஷோ என்றுதான் சொல்வோம். ஆடு, மாடு, கட்டை வெட்டும் போட்டி எல்லாம் உண்டு. ஆனால் ஊரில் நாலு பேருக்கு மானம் வருவதும் போவதும் சமையல் கொட்டகையில்தான். ஸ்பாஞ்ச் கேக்கின் மேல், ஆறவைக்கிற கம்பித்தட்டின் தடம் லேசாகத் தெரிந்தால் போதும், நடுவர் அடுத்த தட்டுக்குப் போய்விடுவார். அதற்காகவே ஆளாளுக்குத் துணி விரித்து ஆறவைப்பார்கள். தட்டில் எண்தான் இருக்கும், பெயர் இருக்காது. எந்த எண் யாருடையது என்பது கொட்டகைப் பொறுப்பாளருக்கு மட்டும் தெரியும். அந்தப் பொறுப்பு நோலீன் பாஸ்கோவுடையது.

நோலீன் எழுபதை நெருங்குகிறவர். கணவர் போன பிறகு அவருக்கு ஷோதான் எல்லாம். ஜாம் பாட்டில் எதையும் நேராக நடுவர் கையில் கொடுக்க மாட்டார். தானே மூடியைத் திறந்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, முகர்ந்து பார்த்த பிறகுதான் கொடுப்பார். பாதிரியார் வீட்டு ஜாமாக இருந்தாலும் அப்படித்தான். ஒரு தடவை பாதிரியாரின் மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டபோது, "உன்னை நான் சந்தேகப்படலம்மா, பாட்டிலைத்தான் சந்தேகப்படறேன்" என்று சொல்லிவிட்டு மூடியைத் திருகினார். அந்தப் பேச்சை இங்கே நான் சும்மா சொல்லவில்லை.

நான் ஹைடி கோவால்ட். வலைத்தளம் கட்டுவது என் பிழைப்பு. கம்பெனி அடிலெய்டில், நான் உட்கார்ந்திருப்பது கேலன்பியில் என் வீட்டுப் பின்னறையில். காகிதத்தில் நடந்துகொண்டிருந்த போட்டிப் பதிவை வலைத்தளத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று சங்கம் கேட்டபோது கூலி வாங்காமல் கட்டிக் கொடுத்தேன். நம் ஊர்தானே என்ற எண்ணம். அந்த எண்ணத்துக்கு நல்ல மரியாதை கிடைத்தது!

முன்பெல்லாம் ஒவ்வொரு பண்டத்தோடும் ஒரு சின்ன அட்டை வரும். இந்தக் கேக்கை யார் சொல்லிக்கொடுத்தார்கள், என்ன விசேஷம் என்று நாலு வரி. சுற்றிலும் ரோஜாப்பூ, கொடி, கலர் மை. தட்டைவிட அட்டைக்கு அதிகம் மெனக்கெடுகிற பெண்கள் இருக்கிறார்கள். அதனால் தளத்திலும் 'உங்கள் பண்டத்தின் கதை' என்று ஒரு பெட்டி வைத்தேன்.

அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அதில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போடலாம். கதையும் எழுதலாம், கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் கட்டளையையும் எழுதலாம். பிறகு வேறொருவர் அதைத் திறந்து பார்க்கும்போது, அவருடைய பிரவுசருக்கு எது கதை, எது கட்டளை என்று பிரிக்கத் தெரியாது. நம் தளமே சொல்கிறது என்று நம்பி அந்தக் கட்டளையைச் செய்துவிடும். யார் திறந்தாரோ அவருடைய பெயரில், அவருடைய அதிகாரத்தில் செய்யும். அவருக்கு ஒன்றுமே தெரியாது. இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. வெளியிலிருந்து வருவதை வடிகட்டித்தான் காட்ட வேண்டும் என்பது என் தொழிலில் முதல் வாரமே சொல்லிக்கொடுக்கும் பாடம். நானும் வடிகட்டி போட்டுத்தான் கொடுத்தேன்.

அந்த வடிகட்டி கட்டளைகளோடு சேர்த்து ரோஜாப்பூவையும் வெறும் எழுத்தாக மாற்றிவிட்டது. வந்தது வினை. வேறெங்கிருந்தோ பூவும் கலர் எழுத்தும் எடுத்து ஒட்டியிருந்த பெண்களுக்கெல்லாம் வெறும் கறுப்பு எழுத்துதான் மிஞ்சியது. கிளைவுக்குப் போன் மேல் போன். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா ஹைடி, ரோஜாவெல்லாம் எங்கே போச்சு?"

"வடிகட்டி எடுத்துடுச்சு. இந்த வாரம் முடியறதுக்குள்ள சரி பண்ணித் தரேன். பூ, கலர், தடிச்ச எழுத்து இதுங்களை மட்டும் உள்ள விட்டு, மத்ததை நிறுத்தற மாதிரி பண்ணிடலாம்."

"எதுக்கு வடிகட்டணும்? இது என்ன சிட்னியா? ரோட்டோரம் முட்டையை வெச்சு, பக்கத்துல டப்பா வெச்சா, ஆளே இல்லாட்டியும் காசு போட்டுட்டுப் போற ஊரும்மா இது. நான் ராத்திரி வீட்டைப் பூட்டி எத்தனை வருஷமாச்சு தெரியுமா?"

"கிளைவ், தளத்தைத் திறக்கறவங்க எல்லாரும் நம்ம ஊர்க்காரங்க இல்ல. நம்ம ஊர்க்காரங்க எல்லாருமே முட்டைக்குக் காசு போடறவங்களும் இல்ல."

"நம்ம பொம்பளைங்களைத் திருடிங்கன்னு சொல்றியா?"

பொறுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். அவர் பொறுக்கவில்லை. தலைவர் என்ற முறையில் தளத்தின் சாவி, அதாவது எதையும் மாற்றக்கூடிய லாகின், அவரிடமும் இருந்தது. 'வெளியிலிருந்து வரும் எழுத்தை வடிகட்டு' என்ற இடத்தில் இருந்த டிக்கை அன்று மாலையே எடுத்துவிட்டார். மறுநாள் பார்த்துவிட்டுப் போனில் கத்தினேன். "ரோஜா வந்துடுச்சில்ல, எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க, நீ எதுக்குக் கெடுக்கற?" என்று சிரித்தார். ஆமாம், ரோஜா வந்துவிட்டது. கூடவே வேறொன்றும் வந்தது.

ஷோவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம். பண்டங்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. நோலீன் பெஞ்சில் டேப்லெட்டை வைத்து ஒவ்வொரு பதிவாகத் திறந்து எண் ஒட்டிக்கொண்டிருந்தார். எதிர் மேஜையில் கிளைவின் மனைவி வெர்னா தன் ஸ்பாஞ்சுக்கு அடியில் சரிகை மாதிரி ஓரம் வெட்டின காகிதம் வைத்துக்கொண்டிருந்தார். வெர்னாவின் ஸ்பாஞ்ச் ஊரறிந்தது. வாத்து முட்டையில் செய்வார், கத்தி வைத்தால் மூச்சு விடுகிற மாதிரி அமுங்கி எழும்பும்.

அப்போது கொட்டகையில் இருந்த எல்லாருடைய போனும் ஒரே நேரத்தில் கூவியது. ஷோவின் அறிவிப்புப் பலகையில் பொறுப்பாளர்கள் எதைப் போட்டாலும் ஊரில் எல்லாருடைய போனுக்கும் அப்படிப் போய்ச் சேரும். அதில் இருந்தது இதுதான்:

'நோலீன் பாஸ்கோ அறிவிக்கிறார்: வெர்னா ட்ரெம்பாத்தின் ஸ்பாஞ்ச் கடையில் வாங்கியது. வருஷா வருஷம் இதே பித்தலாட்டம்.'

வெர்னா படித்தார். நிமிர்ந்து நோலீனைப் பார்த்தார். பிறகு ஸ்பாஞ்சைத் தட்டோடு எடுத்துக்கொண்டு கொட்டகையை விட்டு வெளியே போய்விட்டார். நோலீனுக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் போனை நீட்டிக் காட்டின பிறகுதான் தெரிந்தது.

அடுத்த அரை மணியில் கிளைவ் வந்து, அவ்வளவு பேர் முன்னால், நோலீன் சட்டையில் குத்தியிருந்த பொறுப்பாளர் பட்டையைக் கழற்றித் தரச் சொன்னார். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். "நான் எழுதல, கிளைவ்" என்று நோலீன் சொன்னதற்கு, "உன் பேர் போட்டிருக்கு, உன் லாகின், அந்த நிமிஷம் நீதான் உள்ள இருந்தே. மெஷின் பொய் சொல்லாது நோலீன், மனுஷங்கதான் சொல்லுவாங்க" என்று பதில் வந்தது. மெஷின் பொய் சொல்லாதாம்! முட்டை டப்பாவை நம்புகிற மனிதனுக்கு, கூடப் படித்தவளின் வாயை நம்ப முடியவில்லை.

மறுநாள் ஷோ நோலீன் இல்லாமலே நடந்தது. அதற்குப் பிறகு கேலன்பி தன் வேலையைக் காட்டியது. பேக்கரியில் நோலீன் நுழைந்தால் பேச்சு நின்றது. சர்ச்சில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் இடம் தாராளமாகக் கிடைத்தது. அது போதாது என்று, சங்கத்தின் ஆயுள் உறுப்பினர் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடப் பொதுக்கூட்டம் கூட்டப்போவதாகச் செய்தி வந்தது. ஹாலில் மாட்டியிருக்கும் மரப்பலகையில் தங்க எழுத்தில் இருக்கிற பெயர் அது. அதைச் சுரண்டி எடுப்பார்களாம்.

நோலீன் என் வீட்டுக்கு வந்தார். டீ போட்டுக் கொடுத்தேன். குடிக்காமல் கோப்பையையே கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"நான் பைத்தியமாயிட்டேனா ஹைடி? எனக்கே தெரியாம எழுதியிருப்பேனா?"

"உளறாதீங்க நோலீன். அந்த நேரத்துல எதைத் திறந்து பார்த்துட்டிருந்தீங்க, அதை யோசிச்சுச் சொல்லுங்க."

"மார்மலேட் ஜாம். யாரோ புதுப் பேரு. கதைன்னு ஒண்ணுமே இல்ல, ஒரே ஒரு ரோஜாப் படம். என்னடா, பூவை மட்டும் போட்டுட்டுக் கதை எழுதாம விட்டிருக்காங்களேன்னு நினைச்சேன். அப்போதான் எல்லா போனும் கத்துச்சு."

"பாட்டில் வந்துச்சா?"

"வரவேயில்ல. அந்தப் பேர்ல யாரும் மார்மலேட் கொண்டுவரல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரோஜாவுக்குப் பின்னால் கட்டளை இருந்திருக்கிறது. அதை யார் திறந்தாலும் அவர் பெயரில் அந்த அறிவிப்பு போகும். திறக்க வேண்டிய வேலை நோலீனுடையது, அதனால் நோலீன் பெயர். அவ்வளவுதான் விஷயம். "கண்ணு, யாரோ கொண்டுவந்த பாட்டிலை மோந்து பார்க்காம என் வாயில ஊட்டி விட்டிருக்காங்க, அதானே?" என்று கேட்டார் நோலீன். அதேதான். இதைவிட ஒழுங்காக என் தொழிலில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கிளைவுக்குப் போன் போட்டேன். அந்தப் பதிவின் உட்பக்கத்தைப் பார்க்க வேண்டும், தளத்துக்குள் விடுங்கள் என்றேன். விஷயம் என்னவென்றால், அதற்குள் என் சாவியைப் பிடுங்கிவிட்டிருந்தார். நானும் நோலீனும் சிநேகிதிகளாம், ஆதாரத்தை மாற்றிவிடுவேனாம். நான் கட்டின வீட்டில் என்னையே வெளியே நிறுத்தியாயிற்று!

"அப்ப நீங்களாவது அந்த டிக்கைத் திரும்பப் போடுங்க."

"உன் வடிகட்டிப் புராணத்தை விடு ஹைடி. எழுதினது யாருன்னு மெஷின் சொல்லிடுச்சு."

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூட்டம். ஹால் நிறைந்திருந்தது. எங்கள் ஊரில் எந்தக் கூட்டமானாலும் ஆளுக்கொரு தட்டு கொண்டுவர வேண்டும். உங்களை வெளியே தள்ளப்போகிற கூட்டமாக இருந்தாலும் கொண்டுவர வேண்டும். நோலீன் ஸ்கோன் என்கிற சின்ன பன் சுட்டு, மேலே துணி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். லாமிங்டன் கேக் தீர்ந்தது, சாண்ட்விச் தீர்ந்தது, அந்தத் துணியை ஒரு கை தூக்கிப் பார்க்கவில்லை. ஊரிலேயே நல்ல ஸ்கோன் அதுதான் என்று அத்தனை பேருக்கும் தெரியும். எனக்கு அங்கேயே நாலு பேரை அறைய வேண்டும் போல் இருந்தது.

கிளைவ் தன் லேப்டாப்பைப் பெரிய திரையில் மாட்டியிருந்தார். அந்த அறிவிப்பையும், அதன் மேல் நோலீன் பெயரையும் பெரிதாகக் காட்டினார். வெர்னா முன்வரிசையில் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நோலீனுக்குப் பேசச் சந்தர்ப்பம் கொடுத்தார்கள்.

"நான் எழுதல" என்றார் நோலீன். "வெர்னாவோட ஸ்பாஞ்சை எத்தனை வருஷமா என் கையால மேஜையில வெச்சிருக்கேன். அந்த மாதிரி கடையில கிடைக்கும்னா, நானே வாங்கி எப்பவோ பரிசு அடிச்சிருப்பேனே!"

ரெண்டு பேர் சிரித்தார்கள், கிளைவ் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். நான் எழுந்தேன். பெட்டியைப் பற்றி, கட்டளையைப் பற்றி, டிக்கை எடுத்தது யார் என்பதைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். பாதிப் பேர் என்னைப் பார்த்தார்கள், பாதிப் பேர் டீ கோப்பையைப் பார்த்தார்கள்.

"அந்த மார்மலேட் பதிவு இன்னும் உள்ளேயே இருக்கு. அதோட உட்பக்கத்தை எனக்குக் காட்டுங்க, எல்லாருக்கும் படிச்சுக் காட்டறேன்."

கிளைவ் சிரித்தார். "எதுக்கு உட்பக்கம்? இப்பவே திறந்து எல்லாருக்கும் காட்டிடறேனே. ஒரு ரோஜாப்பூவுக்கு இந்தப் பொண்ணு இவ்ளோ பயப்படுது பாருங்க."

"உங்க லாகின்ல திறக்காதீங்க கிளைவ்."

"ஏன், பூ கடிச்சிடுமா?"

ஹாலே சிரித்தது.

"நிஜமாத்தான் சொல்றேன். திறக்காதீங்க."

"உட்காரும்மா. நானும்தான் கம்ப்யூட்டர் பார்க்கறேன்."

மூன்றாவது தடவை நான் வாயைத் திறக்கவில்லை. உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை, இன்றைக்கும் இல்லை.

கிளைவ் பதிவைச் சொடுக்கினார். திரை முழுக்க ஒரு சிவப்பு ரோஜா வந்தது. கையை விரித்து, "பாத்தீங்களா? வெறும்..." என்று ஆரம்பித்தார்.

ஹாலில் இருந்த அத்தனை போனும் கூவின. பையிலிருந்து, சட்டைப் பாக்கெட்டிலிருந்து, டீ மேஜையிலிருந்து. ஆளாளுக்கு எடுத்துப் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒருவர், காது கொஞ்சம் மந்தம், போனைத் தூரத்தில் நீட்டிப் பிடித்துச் சத்தமாகவே படித்தார்.

"கிளைவ் ட்ரெம்பாத் அறிவிக்கிறார். வெர்னா ட்ரெம்பாத்தின் ஸ்பாஞ்ச் கடையில் வாங்கியது. வருஷா வருஷம் இதே பித்தலாட்டம்."

கிளைவ் முகத்தில் ஈயாடவில்லை. லேப்டாப்பிலிருந்து கையை, சூடு பட்ட மாதிரி, வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"இது... நான் எழுதல. எல்லாரும் பார்த்துட்டுத்தானே இருந்தீங்க? நான் ஒண்ணுமே டைப் பண்ணல. கம்ப்யூட்டர் தானா பண்ணிடுச்சு! வெர்னா, நீயே பார்த்தே இல்ல?"

வெர்னா பதில் சொல்வதற்கு முன் நோலீன் எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"என் பேர்ல வந்தப்போ நான் எழுதினது. உன் பேர்ல வந்தா மட்டும் கம்ப்யூட்டர் எழுதினதா, கிளைவ்?"

கிளைவ் என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லிக் காப்பாற்றுவேன் என்று நினைத்தாரோ என்னவோ! நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெர்னாதான் எழுந்து கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "அன்னைக்குக் கொட்டகையில நான் எதிர்லதான் நின்னேன்" என்றார். "போன் கத்தினப்போ நோலீன் கையில ஒட்டற எண் காகிதம் இருந்துச்சு. ரெண்டு கையிலயும். அவ எதையும் தட்டல. நான் பார்த்தேன். கோபத்துல பார்த்ததை மறந்துட்டேன். இல்ல, மறக்கல. வாயை மூடிட்டிருந்தேன். அசிங்கமா இருக்கு எனக்கு."

கிளைவ் தொண்டையைச் செருமினார். "சரி, தப்பு நடந்துபோச்சு. நாம எல்லாருமே கொஞ்சம் அவசரப்பட்டுட்டோம். இந்தத் தீர்மானத்தை விட்டுடலாம். வாங்க, டீ ஆறுது."

"நாம இல்ல" என்றார் நோலீன். "நீ. வடிகட்டியை எடுத்தது நீ. வேணாம்னு ஹைடி கத்தினதைக் கேட்காதது நீ. ஊர் பார்க்க என் பட்டையைக் கழட்டினது நீ. அதையும் ஊர் பார்க்கச் சொல்லு."

சொன்னார். வேறு வழி இல்லை. முணுமுணுப்பாகத்தான் சொன்னார். பின்வரிசைக்காரர் "கேக்கல!" என்று கத்தினார். மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. பிடுங்கின சாவியை எனக்குத் திருப்பிக் கொடுத்தார். நான் அங்கேயே, அந்தப் பெரிய திரையிலேயே, ஊர் பார்க்க டிக்கைத் திரும்பப் போட்டேன். ரோஜா மறைந்தது. அது நின்ற இடத்தில், வெறும் கறுப்பு எழுத்தில், அறிவிப்பு அனுப்பு என்ற கட்டளையும் அதன் கீழே வெர்னாவின் பெயரும் அம்மணமாகத் தெரிந்தன. இனி அது யாரையும் ஒன்றும் செய்யாது, படிக்கலாம், அவ்வளவுதான். எல்லாரும் எழுந்து வந்து படித்தார்கள்.

படித்து முடித்ததும் கூட்டம் டீ மேஜைக்கு நகர்ந்தது. இப்போது பார்த்தால் எல்லாருக்கும் ஸ்கோன் ஞாபகம் வந்துவிட்டது. நாலைந்து கைகள் ஒரே நேரத்தில் அந்தத் துணியை நோக்கிப் போயின. நோலீன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

வெர்னா பக்கத்தில் வந்து நின்றார். "எனக்கு ஒண்ணு கொடுப்பியா நோலீன்? தரலன்னாலும் பரவால்ல, கேட்டுட்டேன்."

நோலீன் துணியை ஒதுக்கி, ஒன்றை எடுத்து வெர்னாவின் கையில் வைத்தார். அடுத்ததை எனக்குக் கொடுத்தார். மூன்றாவதாக ஒரு கை நீண்டது. கிளைவின் கை.

நோலீன் துணியை நாலு பக்கமும் இழுத்து மூடி, தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு, மரப்பலகையில் இருந்த தன் பெயருக்குக் கீழே நடந்து வெளியே போனார். கார் கதவு சாத்தும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. கிளைவின் கை இன்னும் நீட்டினபடியே இருந்தது.